ஒரு வரி தள்ளி

கேட்டைச் சாத்திட்டாங்க. மணி ஒம்பது. உள்ள போனவ திரும்பியே பார்க்கலை, பார்த்தா பாப்பா கையை நீட்டிரும், நீட்டுனா இவ நின்னுருவா, அது அவளுக்குத் தெரியும், அதான் விறுவிறுன்னு போறா, காப்பிப்பொடி கலர் சுடிதார், கையில ஹால் டிக்கெட்டு, ரெண்டு கறுப்புப் பேனா, லேபிளை உரிச்ச தண்ணி பாட்டில், அவ்வளவுதான், போயிட்டா என் அழகுமீனா. இனி பன்னெண்டரைக்குத்தான் வெளிய விடுவாங்க. அதுவரைக்கும் இந்தக் கழுதைக்குட்டி என் பொறுப்பு. எட்டு மாசம். மீனாவோட பழைய சேலையால வயித்தோட சேர்த்துக் கட்டியிருக்கேன், அந்தச் சேலை வாசனை இருந்தாத்தான் சும்மா இருக்கும். என்னைய மாதிரி இன்னும் பத்துப் பன்னெண்டு பேரு நிக்கிறாங்க இந்தப் பள்ளிக்கூட வாசல்ல, ஒவ்வொருத்தன் தோள்லயும் ஒண்ணு, ஒருத்தன் அதுக்குள்ள வேப்பமரக் கொம்புல தூளியே கட்டிட்டான், கெட்டிக்காரப் பய. குரூப் ஃபோர் பரீட்சைன்னா பொம்பளைங்க உள்ள எழுதணும், ஆம்பளைங்க வெளிய ஆட்டணும், இதுவும் ஒரு வேலைதான். போன தடவை பாப்பா அவ வயித்துல இருந்துச்சு, ஒரே ஒரு கேள்வியில போச்சு. இருநூறு கேள்வியில ஒண்ணு. அந்த ஒண்ணு எதுன்னு ரெண்டு மாசம் தேடிக்கிட்டே இருந்தா, சோறு வடிக்கையில திடீர்னு நிப்பா, அதுவா இருக்குமோ மாமாம்பா. இந்தத் தடவை முடிவா சொல்லிட்டா, இதோட சரி மாமா, கிடைக்கலைன்னா புஸ்தகத்தையெல்லாம் எடைக்குப் போட்டுட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போயிடுறேன். ஜவுளிக்கடைன்னா காலையில ஒம்பதுக்கு நின்னா ராத்திரி ஒம்பது வரைக்கும் நிக்கணும், உட்கார விடமாட்டாங்க. உலகத்துல இருக்கிற அத்தனையும் தெரிஞ்சவ, சேலையை உதறி உதறி மடிச்சுக்கிட்டு நிக்கணும். எனக்கு அதை நினைச்சாலே கோவம் வருது, யாரு மேலன்னு தெரியலை.

பாப்பா பாதத்துல வெயிலு விழுது. இந்த வெயிலு சூரியனை விட்டுக் கிளம்பி எட்டு நிமிசம் இருபது செகண்டு ஆச்சுன்னு மீனா சொல்லுவா. அப்படின்னா இது கிளம்புனப்போ மீனா எங்கூடத்தான் நின்னுக்கிட்டு இருந்தா, பாப்பா கன்னத்தைக் கிள்ளிக்கிட்டு இருந்தா, அப்பக் கிளம்புனது இப்பத்தான் வந்து சேருது. ஆத்தி, எனக்கு எப்படி இதெல்லாம் தோணுது? மூணு வருசத்துக்கு முன்னாடி வெயிலுன்னா எனக்கு வெயிலுதான், துண்டை நனைச்சு தலையில போட்டுக்கிட்டு அடுத்த சவாரிக்கு நிப்பேன். எல்லாம் அவ ஒட்டுன சீட்டு பண்ற வேலை. வீடு பூரா சீட்டு. உப்பு டப்பாவுல சோடியம் குளோரைடு. கொசுவலையில ஊக்கு போட்டு மாட்டியிருப்பா, மலேரியா பரப்புறது பெண் அனாபிலஸ். குளியலறைக் கதவுல மாநில விலங்கு வரையாடு, மாநிலப் பறவை மரகதப்புறா, மாநில வண்ணத்துப்பூச்சி தமிழ் மறவன், பல்லு விளக்கையில தினம் அந்த வரையாட்டைப் பார்த்துக்கிட்டேதான் விளக்குவேன். வீட்டுக்காரம்மா ஒரு நாளு வாடகை வாங்க வந்து சண்டைக்கு நின்னுச்சு, ஏம்மா இது வீடா பஞ்சாயத்து போர்டா, செவுரெல்லாம் பசை. மீனா சிரிச்சுக்கிட்டே, சும்மா படிச்சுப் பாருங்கக்கா, காசா பணமான்னா. அடுத்த மாசம் அதே அம்மா என் ஆட்டோவுல ஏறி என்கிட்டயே சொல்லுது, தம்பி, கேஸுக்கு வாசனையே கிடையாதாம்ப்பா, லீக்கானா தெரியட்டும்னு நாத்தத்தைச் சேர்க்குறாங்களாம், உனக்குத் தெரியுமா? எங்க வீட்டு சிலிண்டர்ல படிச்சுட்டு எனக்கே பாடம். அப்படியாக்கான்னேன். உள்ளுக்குள்ள சிரிப்புன்னா சிரிப்பு. என் பொண்டாட்டி இந்தத் தெருவுக்கே வாத்தியாராகிட்டா, சம்பளம்தான் இல்லை.

இவளைப் பார்த்தா எனக்கு ஆச்சரியம் தீரவே இல்லை, அதை யாருகிட்ட சொல்ல. ஒரு விசயம் கிடைச்சா அவ முகத்துல வர்ற வெளிச்சம் இருக்கே, நகைக்கடைக்குள்ள போற பொம்பளைங்களுக்குக்கூட அப்படி வராது. பாப்பா பொறந்த மூணாம் நாளு, தையல் வலியில திரும்பிப் படுக்க முடியலை, அப்பச் சொல்றா, மாமா, நமக்கெல்லாம் எலும்பு இருநூத்தி ஆறுதான், இதுக்கு ஏறக்குறைய முந்நூறு. நான் பயந்துட்டேன், ஏன் டாக்டர்கிட்ட காட்டணுமா? அவ சிரிச்சு, தையல் இழுத்து, அழுது, திரும்ப சிரிச்சு, இல்ல மாமா, வளர வளர ரெண்டு மூணு சேர்ந்து ஒண்ணாயிரும். அன்னையிலருந்து இதைத் தூக்குறப்பவெல்லாம் அந்த நெனப்புதான், முந்நூறு, முந்நூறு, எதுவும் நசுங்கிறக்கூடாது. இந்தா, இந்த முட்டியில இன்னும் சில்லு எலும்பாகலை, குருத்துதான், அமுக்கிப் பாரு. அமுக்குனா உதைக்குது. சரி சரி, கோவிச்சுக்காத. ஆக்டோபஸுக்கு மூணு இதயமாம். எனக்கு இருக்கிறது ஒண்ணு, காலையிலருந்து அதையே அடக்க முடியலை. மணி இன்னும் ஒம்பதரைகூட ஆகலை, இனிமேத்தான் பேப்பரே குடுப்பாங்க.

மணி அடிச்சுட்டாங்க. பேப்பர் குடுத்திருப்பாங்க. இப்பக் கவரைக் கிழிப்பா, பேரு எழுதுவா, வட்டத்தைக் கறுக்குவா, ஒரு வட்டத்துக்குக் கொஞ்சம்கூட வெளிய மை போகாது. பாப்பா சிணுங்குது. இதுக்குத் தாலாட்டு கிடையாது, எங்க வீட்டுல யாரு தாலாட்டுப் பாடுனா? மீனா பால் குடுக்கையில நோட்டை மடியில வச்சுக்கிட்டு சத்தமா படிப்பா, அதைக் கேட்டுத்தான் இது தூங்கும். காவிரி ஆத்தோட துணை ஆறுகள் பவானி, நொய்யல், அமராவதின்னா கண்ணு சொருகிரும். அதான் அந்த லாங் சைஸ் நோட்டை என்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்கா, அழுதா இதை வாசிங்க மாமா, ராகம் போட வேண்டாம், சும்மா வாசிச்சாப் போதும். வாசிங்க மாமா. அவ மட்டும்தான் என்கிட்ட இந்த வார்த்தையைச் சொல்லியிருக்கா. பள்ளிக்கூடத்துல வாசிடான்னா எனக்கு ஒண்ணுக்கு வந்துரும். எழுத்து தெரியாம இல்லை. ஒரு வரி முடிஞ்சு அடுத்த வரிக்கு வந்தா, வந்த வரி அடுத்த வரியா இருக்காது, ஒண்ணைத் தாண்டி இருக்கும், இல்லைன்னா படிச்ச வரியே திரும்ப வரும். எட்டாப்புல ஒரு வாத்தியாரு, எல்லாரும் பார்க்க பெஞ்சு மேல நிக்க வச்சு, துரை வரி தாண்டுறாரு, வேலி தாண்டுற ஆடு மாதிரின்னாரு. ஆடு, ஆடுன்னு பத்தாப்பு வரைக்கும் அதே பேருதான். பத்தாப்பு பெயிலு. சோலைராஜாங்கிற பேரு எனக்கு ஆட்டோ லைசன்ஸு வாங்குனப்புறம்தான் திரும்பக் கிடைச்சுச்சு. கல்யாணமாகி ரெண்டாம் மாசம் மீனா, நான் வேலையா இருக்கேன், நீங்க கேள்வி கேளுங்க நான் பதில் சொல்றேன்னு நோட்டை நீட்டுனப்போ, கண்ணு சரியில்லைன்னு பொய் சொல்லிப் பார்த்தேன். விடலை. வாசிச்சேன். தப்புத்தப்பா வாசிச்சிருப்பேன், ஆனா சிரிக்கலை அவ. ஒரு தடவைகூட சிரிக்கலை. அவ சட்னிக்கு வதக்குறா, நான் கீழ உட்கார்ந்து கேள்வி கேக்குறேன், சரி, சரி, தப்பு, சரி, எனக்கு ஒரு வாத்தியாரு நாற்காலி குடுத்த மாதிரி. மூணு வருசமா தினம் சாயங்காலம் ஸ்டாண்டுல இருந்து ஓடி வர்றதே அதுக்குத்தான். அங்க இருக்கவன் எல்லாம் நான் புதுப்பொண்டாட்டிப் பைத்தியம்னு நினைக்கிறான், நினைச்சுக்கட்டும்.

இருடா தங்கம், வாசிக்கிறேன், எங்க விட்டோம், நேத்து சாயங்காலம் பார்த்த பக்கமே இருக்கு, மூலையை மடிச்சு வச்சிருக்கேன். இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் பதில். நாற்பத்தொண்ணு, ரத்தம் உறைய உதவும் வைட்டமின். நாற்பத்தொண்ணு, கே. நாற்பத்திரண்டு, எலும்பு வலுவாக உதவும் வைட்டமின். டி. நாற்பத்திமூணு, ஈறுகளில் ரத்தம் கசிவது எந்த வைட்டமின் குறைவால். சி. இரு. இரு இரு. நாற்பத்தொண்ணு கே. நேத்து நான் டின்னுல்ல சொன்னேன். அவ கேன்னா. நான் தப்பு, டின்னேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, கரண்டியை நிறுத்திட்டு ஒரு நொடி என்னையப் பார்த்தா, சரி மாமான்னா. அடுத்து எலும்புக்கு அவ டின்னு சொன்னா, நான் சின்னு சொன்னேன். ஈறுக்கு சின்னு சொன்னா, ஏ வைட்டமின்னேன். மாலைக்கண்ணுக்கு ஏ வைட்டமின்னா, பி ஒண்ணுன்னேன். நாலு. அப்புறம் பாப்பா பக்கத்தை இழுத்து வாயில வச்சுச்சு, பிடுங்கித் திரும்ப வைக்கையில சரியான வரிக்கு வந்திருப்பேன் போல, அதுக்கப்புறம் எல்லாம் சரி. நாலு கேள்விக்கு ஒரு வரி கீழ வாசிச்சிருக்கேன். என் கட்டைவிரலு நகர்ந்திருக்கு. ஆடு வேலி தாண்டியிருக்கு. அய்யய்யோ. அதோட விட்டேனா பாவி, நாளைக்குப் பரீட்சை, வரிசையா நாலு தப்பு, என்ன மீனா நீ இப்படிப் பண்றேன்னு சத்தம் வேற போட்டேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு மாவை வழிச்சா. இன்னும் கவனமா இருக்கேன் மாமான்னா. நோட்டைப் பட்டுன்னு மூடிட்டேன். பாப்பாவுக்கும் ஏதோ தெரியுது போல, உதட்டைப் பிதுக்குது, அழாத, நீ அழாத, அழ வேண்டியவன் நான்.

நான் சொன்னா அவ நம்புவா. அதான் விசயம். டாக்டர் சொன்னதையே புஸ்தகத்துல பார்த்துட்டுத்தான் நம்புவா, ஆனா நோட்டைப் பார்த்து நான் சொன்னா நம்புவா, ஏன்னா நோட்டு அவ எழுதுனது. நான் எழுதுனது தப்பா இருக்காது, நான் ஞாபகம் வச்சிருக்கிறதுதான் தப்புன்னு நினைச்சிருப்பா. இன்னைக்கு உள்ள ரத்தம் உறைய எந்த வைட்டமின்னு கேட்டிருந்தா? கேட்டிருப்பான், எல்லா வருசமும் வைட்டமின்ல ஒண்ணு உண்டு. கே வட்டத்துக்கிட்ட பேனாவைக் கொண்டு போவா, மாமா டின்னாரே. டி வட்டத்தைக் கறுக்குவா. கறுத்தா அழிக்க முடியாது. ஒரே ஒரு கேள்வி. போன தடவையும் ஒரே ஒரு கேள்வி. அந்த ஒரு கேள்வியும் நான் சொல்லிக் குடுத்ததா இருந்தா? ரெண்டு மாசம் தேடுனாளே, அது என் வாயில இருந்து போனதா இருந்தா? சீ, அப்படி இருக்காது. ஏன் இருக்காது? அப்பவும் நாந்தானே வாசிச்சேன். அந்தக் காம்பவுண்டு செவுத்துக்கு அந்தப் பக்கம், மூணாவது ஜன்னலு, காப்பிப்பொடி கலரு துப்பட்டா நுனி தெரியுது, அவதான், அவளேதான், இருபது அடி இருக்குமா. நான் இங்க நின்னு சத்தமா வாசிச்சா கேக்கும். பிள்ளையைத் தூங்க வைக்கிறேன், யாரு என்ன சொல்ல முடியும்? ரத்தம் உறைய கே, எலும்புக்கு டி, ஈறுக்கு சி, மாலைக்கண்ணுக்கு ஏ. நாலே வரி. அவ சொன்னதுதான் சரின்னு சொல்லப் போறேன், புதுசா எதையுமா சொல்லிக் குடுக்கப் போறேன்? நான் போட்ட குப்பையை நான் எடுக்கிறேன், அவ்வளவுதானே. காலு தானா போகுது செவுத்துப் பக்கம். பாப்பாவும் இப்பன்னு பார்த்து வீல்னு ஆரம்பிக்குது, நல்லதாப் போச்சு, வாசிக்கிறதுக்குக் காரணம் கிடைச்சுச்சு. நோட்டை விரிச்சுட்டேன். வாயைத் திறந்துட்டேன்.

வரலை. சத்தம் வரலை. வீட்டுல ஒரு நாளு மாதிரிப் பரீட்சை எழுதுனா, செல்லுல அலாரம் வச்சுக்கிட்டு. அலாரம் அடிச்சப்போ ஒரு வட்டம் பாதி கறுத்திருந்துச்சு. பேனாவைத் தூக்கிட்டா. முழுசா கறுக்கிரு மீனா, யாரு பார்க்கப் போறான்னேன். நான் பார்த்தேன்லன்னா. அம்புட்டுத்தான், அதுக்கு ஒரு மார்க்கு குறைச்சுப் போட்டுக்கிட்டா, போட்டுட்டு எந்திரிச்சுப் போயி அரிசி களைஞ்சா. அவகிட்டப் போயி இந்தச் செவுத்துக்குப் பின்னாலருந்து நான் கத்துனேன்னா, அவ காதுல அது விழுந்துச்சுன்னா, அதுக்கப்புறம் அவ போடுற கே அவளோட கேயா இருக்காது. சரியாப் போட்டாலும் அழுவா. என் குரலுன்னு தெரிஞ்சும் எந்திரிச்சு நின்னு, சார், வெளிய எங்க வீட்டுக்காரர் பதில் சொல்றாருன்னு சொன்னாலும் சொல்லுவா, அவளை எனக்குத் தெரியாதா. ஏம்ப்பா, செவுத்தை விட்டுத் தள்ளிப் போப்பா, பிள்ளை அழுகுறது உள்ள கேக்கும்லன்னு வாசல்ல நின்ன போலீஸ்கார அக்கா சத்தம் போடுது. போறேங்கக்கா. போறேன். நோட்டை மூடி கக்கத்துல இடுக்கிக்கிட்டு வேகமா நடக்குறேன், இந்தப் புள்ள சத்தம்கூட அவ காதுல விழக்கூடாது, விழுந்தா பால் கட்டி நெஞ்சு வலிக்கும் அவளுக்கு, தெரு முனை பஞ்சர் கடை தாண்டி, இதுவும் பத்தாது, இன்னும் போறேன், குடிதண்ணி டேங்க் வரைக்கும் போயிட்டேன். இது இன்னும் கத்துது. கத்து, நல்லாக் கத்து, உங்கப்பன் பண்ணுன காரியத்துக்குக் கத்த வேண்டியதுதான்.

டேங்க் நிழல்ல உட்கார்ந்து பால் பாட்டிலைக் குடுத்தா துப்புது, கிண்ணத்துல ஊத்திக் கரண்டியால ஊட்டுனா பாதி கழுத்துல வழியுது, பாதி உள்ள போகுது. போதும், பாதி போதும். வழியிற பாலை அவ சேலையிலேயே துடைக்கிறேன். இப்ப வயித்தோட ஒட்டிக்கிட்டு தேம்புது. இப்படி நான் வயித்துல பிள்ளையைக் கட்டிக்கிட்டு நிக்கிறதைப் பார்த்தா எனக்கு அந்தக் கடல்குதிரைதான் ஞாபகம் வருது. அது என்னோட விசயம். மீனா நோட்டுல இல்லை. நாலஞ்சு மாசம் முன்னாடி ஸ்டாண்டுல பருப்புவடை வாங்குனேன், சுத்திக் குடுத்த பேப்பர்ல இருந்துச்சு. ஆண் கடல்குதிரைதான் கருவைச் சுமக்குமாம், பெட்டை முட்டையை ஆணோட வயித்துப் பையில விட்டுட்டுப் போயிருமாம், நூத்துக்கணக்குல குட்டியைப் பெத்துப் போடுறது அப்பங்காரனாம். நான் நம்பலை. திரும்ப வாசிச்சேன். எண்ணெயில எழுத்து ஊறியிருந்துச்சு. ஆட்டோ ஆர்.சி. புக்கை வரிக்குக் கீழ வச்சு வச்சு, ஆறு தடவை வாசிச்சேன், வரி தாண்டிறக்கூடாதுன்னு. தாண்டலை. ஒரு சவாரியைக்கூட வேண்டாம்னுட்டேன். சாயங்காலம் ஓடிப் போயி அவ துணி துவைச்சுக்கிட்டு இருக்கையில சொன்னேன், ஏ மீனா, கடல்குதிரை தெரியுமா, அதுல ஆம்பளைதான் பிள்ளை பெறும். அப்படியா மாமான்னு சொல்லிட்டுப் பாப்பா துணியைப் பிழிஞ்சா. அவ்வளவுதான். முகத்துல அந்த வெளிச்சம் வரலை. எனக்குக் கொஞ்சம் முகம் சுண்டிப் போச்சு, சரி, ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும், அவளுக்குத் தெரியாதது நமக்கா தெரியப் போகுதுன்னு விட்டுட்டேன். ஆனா அந்தப் பேப்பரைத் தூக்கிப் போட மனசு வரலை, ஆர்.சி. புக்கு கவருக்குள்ளதான் வச்சிருக்கேன் இன்னும். பாரு, இது தூங்கிருச்சு. அப்பன் மனசுக்குள்ள பேசுனது இதுக்குக் கேட்டுருச்சோ. மணி பதினொண்ணே கால். இன்னேரம் நூறைத் தாண்டியிருப்பா. வைட்டமின் வந்திருக்குமோ. கேயா டியா. கேயா டியா. ஈ மாதிரி காதுக்கிட்டயே சுத்துது.

பன்னெண்டரை மணியை அடிச்சப்போ நான் வாசல்ல முதல் ஆளா நிக்கிறேன். கூட்டம் பொதபொதன்னு வருது, வரும்போதே சண்டை, அந்தக் கணக்குக்கு பி, இல்லடி சி. மீனா யாருகிட்டயும் பேசலை, துப்பட்டாவை முன்னாடி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வர்றா, நெஞ்சுல ரெண்டு பக்கமும் பால் நனைஞ்சிருக்கு, மூணு மணி நேரமா அப்படியே உட்கார்ந்து எழுதியிருக்கா. ஒண்ணும் கேக்காம பிள்ளையை அவுத்துக் குடுத்தேன், ஆட்டோவுல ஏறுனா, ரெண்டு பக்கத் திரையையும் இறக்கி விட்டுட்டு முன்சீட்டுல திரும்பி உட்கார்ந்தேன். அது குடிக்கிற சத்தம் கேக்குது. அவ கண்ணை மூடிட்டா. சொல்லிறணும். அவ கேக்குறதுக்கு முந்தி சொல்லிறணும். மீனா, நேத்து அந்த வைட்டமின் நாலும் நான் தப்பா வாசிச்சுட்டேன், நீ சொன்னதுதான் சரி, ஒரு வரி தள்ளி வாசிச்சுட்டேன்னேன். அவ கண்ணைத் திறக்கலை.

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"நீங்க தாண்டிட்டீங்கன்னு. ரத்தத்துக்கு டின்னீங்க, அடுத்தது சின்னீங்க. நான் எழுதுன வரிசை எனக்குத் தெரியாதா? ரத்தம் உறைய எதுன்னு இன்னைக்கு வந்துச்சு. கேதான் போட்டேன். பாப்பா பொறந்ததும் தொடையில ஊசி போட்டாங்கள்ல, அது அந்த கேதான், நர்ஸ்கிட்ட கேட்டுக்கிட்டேன் அன்னைக்கே."

அப்பாடான்னு இருந்திருக்கணும். இருந்துச்சு, ஒரு நிமிசம். அப்புறம்தான் உறைக்குது. "அப்ப இதுக்கு முன்னாடியும் தாண்டியிருக்கேனா?"

"அடிக்கடி."

"அடிக்கடியா? மூணு வருசமாவா? ஏண்டி, ஒரு நாளாவது சொல்லக்கூடாதா? தப்பு தப்புன்னு உன்னையத் திட்டியிருக்கேன், கேட்டுக்கிட்டே இருந்திருக்க!"

"சொன்னா அப்புறம் வாசிக்க மாட்டீங்க. நீங்க ஒரு வரி தாண்டுனா நான் மனசுக்குள்ள ஒரு வரி திரும்பி வந்துருவேன். பழகிருச்சு." பாப்பாவை அடுத்த பக்கம் மாத்துனா. அப்புறம் ஒரு பெருமூச்சு. "மத்ததெல்லாம் பரவாயில்லை மாமா. ஒண்ணே ஒண்ணுதான் தெரியாம போட்டேன். அதான் மனசு அடிச்சுக்குது. ஆண் இனமே கருவைச் சுமந்து குட்டிகளை ஈனும் உயிரினம் எதுன்னு கேட்டிருந்தான். கங்காரு, கடல்குதிரை, பென்குயின், முதலை. பென்குயின்ல ஆம்பளை முட்டையைக் காலு மேல வச்சுக் காப்பாத்தும்னு படிச்ச ஞாபகம். அதைப் போட்டுட்டேன்."

நான் எந்திரிச்சே நின்னுட்டேன், மண்டை மேல இடிச்சுச்சு. "கடல்குதிரைடி! நான் சொன்னேன்ல! துணி துவைக்கையில வந்து சொன்னேன்ல!"

அவ என்னையவே பார்த்தா. முகம் கொஞ்சம் கொஞ்சமா மாறுது. "சொன்னீங்க மாமா"ங்குறா, சத்தமே இல்லாம. "ஹால்ல அந்தக் கேள்வியைப் பார்த்ததும் நீங்க சொன்னதுதான் முதல்ல ஞாபகம் வந்துச்சு. பேனாவைக்கூட வச்சுட்டேன் கடல்குதிரை மேல. ஆம்பளை பிள்ளை பெறுமான்னு தோணுச்சு. ரெண்டு வரியைச் சேர்த்து வாசிச்சிருப்பீங்கன்னு... தாண்டியிருப்பீங்கன்னு நினைச்சு எடுத்துட்டேன்."

ஆர்.சி. புக்கு கவரைப் பிரிச்சு அந்த வடை பேப்பரை எடுத்துக் குடுத்தேன். எண்ணெய்க் கறை, நடுவுல எழுத்து. ஒரு கையில பிள்ளையை அணைச்சுக்கிட்டு இன்னொரு கையில பிடிச்சு வாசிச்சா, ஒரு தடவை, ரெண்டாந்தடவை. கண்ணுல இருந்து பொலபொலன்னு கொட்டுது. "சரியாத்தான் வாசிச்சிருக்கீங்க மாமா. சரியா வாசிச்சிருக்கீங்க, நான்தான் நம்பலை." ஒரு கேள்வி. திரும்பவும் ஒரே ஒரு கேள்வி போச்சு, இதுலயே எல்லாம் போனாலும் போகும், ஜவுளிக்கடை, பன்னெண்டு மணி நேரம், எல்லாம் தெரியுது எனக்கு. வயிறு எரியணும். எரியுதுதான். ஆனா அவ மார்க்குக்கு அழுகலை, நான் சரியா வாசிச்சதை நம்பாம விட்டதுக்கு அழுகுறா, அந்த அழுகையைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு கொள்ளலை, ஆக்டோபஸ் மாதிரி இன்னும் ரெண்டு இருந்திருந்தாலும் பத்தாது. விடு புள்ள, ரிசல்ட்டு வரட்டும், பென்குயினும் அப்பங்காரன்தானே, அரை மார்க்காவது குடுக்கட்டுமேன்னேன். அழுகையோட சிரிச்சுட்டா. சிரிச்ச சத்தத்துல பாப்பா குடிக்கிறதை விட்டுட்டு நிமிர்ந்து பார்த்துச்சு.

மூக்கைத் துடைச்சுக்கிட்டு, ஹால்ல இருந்து மடிச்சுக் கொண்டு வந்த கொஸ்டின் பேப்பரை என் கையில வச்சா. "முதல்ல இருந்து வாசிங்க. எது சரி எது தப்புன்னு எண்ணிப் பார்ப்போம். ஆனா இனிமே தாண்டுனா சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு"ன்னேன்.

விரிச்சேன். எழுத்து பொடியா இருக்கு, வெயிலு கண்ணைக் கூசுது. கட்டைவிரலை வச்சு முதல் கேள்வியை வாசிச்சேன், தண்ணி மாதிரி போச்சு. ரெண்டாவது கேள்வி, மேல் வரி முடிஞ்சு கீழ இறங்குனேன், வாசிச்சுக்கிட்டே போறேன், நல்லா சத்தமா, வாத்தியாரு மாதிரி.

"மாமா"ன்னா. "ஒரு வரி தாண்டிட்டீங்க."

திரும்பிப் போயி, விட்ட வரியில இருந்து வாசிச்சேன்.